படத்தில் இல்லாத தெரு

தொடக்கப் பள்ளி வகுப்பறைகளில் ஒரு படம் தொங்கும். ‘நமது கிராமம்’ என்று தலைப்புப் போட்ட வண்ண அட்டை. நோட்டுப் புத்தகக் கடைகளில் சுருட்டி வைத்து விற்பார்கள். குழந்தைகளுக்கான புத்தகங்களிலும் ஏதாவது ஒரு பக்கத்தில் இதன் சாயல் இருக்கும். நடுவில் கோயில் கோபுரம், பக்கத்தில் தாமரை பூத்த குளம், ஆலமரம், மரத்தடியில் நான்கைந்து பெரியவர்கள், ஓட்டு வீடுகள், பள்ளிக்கூடம், பச்சை வயல், வயலில் முண்டாசு கட்டிய உழவர், கிணற்றடியில் குடத்தோடு பெண்கள். அழகான படம்தான். தமிழ்நாட்டின் எந்த ஊருக்கும் பொருந்தும் என்று நினைத்துத்தான் வரைந்திருப்பார்கள்.

நம் ஊர்களை அறிந்தவர்கள் அந்தப் படத்தில் ஒன்றைத் தேடுவார்கள். வாய்க்காலுக்கு அப்பால், அல்லது தார்ச்சாலைக்கு அந்தப் பக்கம், ஊரிலிருந்து அரை மைல் தள்ளி இருக்கும் நம் தெரு அதில் இல்லை. நம் தெருவையொட்டிச் சுடுகாட்டுக்குப் போகும் பாதையும் இல்லை. கிணற்றடியில் நிற்கும் பெண்கள் எல்லோரும் ஒரே கயிற்றில் தண்ணீர் சேந்துகிறார்களா என்பதையும் படம் சொல்லவில்லை. ஊர் என்றால் ஊர் மட்டும்தான். சேரி, தாளின் ஓரத்துக்கு வெளியே எங்கோ இருக்கிறது.

2025 ஏப்ரலில் முதலமைச்சர் சட்டமன்றத்தில் ஓர் அறிவிப்பு செய்தார். ‘காலனி’ என்ற சொல் இழிவின் அடையாளமாகவும் வசைச் சொல்லாகவும் மாறிவிட்டதால் அரசு ஆவணங்களிலிருந்து அது நீக்கப்படும் என்றார். நாம் அதை வரவேற்றோம், இன்றும் வரவேற்கிறோம். ஆனால் பிள்ளைகளின் படங்களிலிருந்து காலனியை நீக்க எந்த ஆணையும் தேவைப்படவில்லை. அது அங்கே இருந்ததே இல்லை.

ஒரு வண்ண அட்டைக்கு இவ்வளவு பேச்சா என்று கேட்கலாம். ஐந்து, ஆறு வயதுப் பிள்ளைக்கு எழுத்து கூட்டித்தான் வரும். படம் அப்படியில்லை, பார்த்தவுடன் உள்ளே போய்விடும். நம் மாநிலப் பாடநூல்களின் முன்பக்கத்தில், தீண்டாமை பாவம், பெருங்குற்றம், மனிதத்தன்மை அற்றது என்ற பொருளில் மூன்று வாக்கியங்களை அச்சிட்டுத் தருகிறார்கள். நல்ல வாக்கியங்கள். அவற்றை வாசிக்கும் அளவுக்கு ஒரு பிள்ளை வளர்வதற்குள், அதே பிள்ளை ஆயிரம் படங்களைப் பார்த்து முடித்திருக்கும். யார் ஊருக்குள் இருப்பவர், யார் வெளியே, யார் அழகு, யாருக்குப் பயப்பட வேண்டும் என்பதெல்லாம் அதற்குள் தெரிந்துவிடும். பின்னால் வாசிக்கும் வாக்கியங்கள், முன்னால் பார்த்த படங்களோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கிறது.

படத்தின் பலத்துக்குப் பெரியவர்களின் உலகத்திலிருந்தே ஓர் உதாரணம் உண்டு. வள்ளுவரை யாரும் பார்த்ததில்லை. முன்பு அவரவர் மனம்போல, அவரவர் சமயக் குறிகளோடு வரைந்துகொண்டிருந்தார்கள். ஓவியர் கே.ஆர்.வேணுகோபால் சர்மா எந்தக் குறியும் இல்லாமல் வெள்ளுடையில் ஒரு வள்ளுவரை வரைந்தார். 1964-இல் அந்தப் படத்தை அரசு ஏற்றது. இன்று தமிழ்ப் பிள்ளை எதனிடம் ‘வள்ளுவர்’ என்றாலும் அந்த முகம்தான் கண்ணுக்குள் வருகிறது. 2019-இல் அந்த உடைக்குக் காவி பூசியபோது நாடே சண்டை போட்டது. ஒரு படத்துக்காக ஏன் இவ்வளவு என்று அப்போது யாரும் கேட்கவில்லை. எல்லோருக்கும் ஏன் என்று தெரிந்திருந்தது.

சரி, படக்கதைகளில் நாம் இல்லவே இல்லையா? இருக்கிறோம். எப்படி இருக்கிறோம் என்பதைப் பார்ப்போம்.

நந்தனாரை எடுத்துக்கொள்வோம். சிறுவர்களுக்கான பக்திக் கதை நூல்களில் அவருக்குப் பெரும்பாலும் இரண்டே படங்கள். ஒன்று, திருப்புன்கூர் கோயில் வாசலில் உடல் வளைந்து, கைகூப்பி, விலகும் நந்தியைப் பார்த்து நிற்பது. மற்றொன்று, தில்லையில் தீக்குள் இறங்கி, மார்பில் பூணூலோடு முனிவராக வெளியே வருவது. முதல் படத்தில் கறுப்பாக இருப்பவர் இரண்டாம் படத்தில் வெளுத்துவிடுவார். சாமியைப் பார்க்க வேண்டுமானால் உருவமே மாற வேண்டும் என்று பிள்ளை புரிந்துகொள்ளும். வேறு எப்படிப் புரிந்துகொள்ள முடியும்?

சேக்கிழார் சொல்லும் நந்தனாரிடம் வேறு படங்களும் இருக்கின்றன. கோயில் முரசுகளுக்குப் போர்வைத் தோலும், வீணைக்கும் யாழுக்கும் நரம்பும் கொடுத்தவர் அவர். திருப்புன்கூரில் குளம் வெட்டியவரும் அவர்தான். மண்வெட்டியோடு நின்று ஒரு குளத்தை உருவாக்கிய மனிதரை, தோலைப் பதம் பார்த்து இழுத்துக் கட்டும் கைவினைஞரை எந்தச் சிறுவர் நூலிலாவது வரைந்திருக்கிறார்களா? நம் கண்ணில் பட்டதில்லை. கதையில் இருக்கிறது, படத்தில் இல்லை. எதை வரைவது என்று ஒருவர் தேர்ந்தெடுக்கிறார். அந்தத் தேர்வில்தான் எல்லாம் நடந்து முடிகிறது.

அரிச்சந்திரன் கதை இன்னும் விசேஷம். உண்மைக்காக நாட்டை இழந்தார், மனைவி மகனை விற்றார், கடைசியில் காசியில் சுடுகாட்டுக் காவலுக்கு வீரபாகுவிடம் அடிமையானார். படத்தில் ராஜா கோலை ஊன்றிக்கொண்டு பிணங்களுக்கு நடுவே நிற்பார். பார்க்கிற பிள்ளைகள் அழும். அழ வேண்டிய கதைதான். ஆனால் அரசனுக்கு வந்த உச்சக் கொடுமை, நம் தாத்தாக்களின் அன்றாட வேலை. அந்த வேலையை வாழ்நாள் முழுக்கச் செய்தவருக்காக, இன்றும் செய்கிறவருக்காக எந்தப் படமும் பிள்ளையை அழ வைத்ததில்லை.

சுடுகாடு என்றதும் ‘அம்புலிமாமா’ நினைவுக்கு வராமல் போகாது. 1947-இல் தொடங்கிய அந்த இதழில் தொடராக வந்த விக்கிரமாதித்தன், வேதாளம் படத்தை ஓவியர் சங்கர் வரைந்தார். கையில் வாள், தோளில் பிணம், சுற்றிலும் மண்டை ஓடுகள், இருட்டு. 2020-இல் மறைந்த அந்தப் பெரும் கலைஞரின் கோடுகளில் நாமும் மயங்கி வளர்ந்தவர்கள்தான், அதில் மாற்றுக் கருத்து இல்லை. கேள்வி ஓவியரைப் பற்றியதும் அல்ல. அவ்வளவு நுணுக்கமாக வரையப்பட்ட அந்தச் சுடுகாட்டில் பேய் உண்டு, நரி உண்டு, ராஜா உண்டு. வெட்டியானைக் காணோம். பிணம் எரிக்க ஆள் இல்லாத சுடுகாடு உலகத்தில் எங்கே இருக்கிறது?

அடுத்து அரக்கர்கள். புராணப் படக்கதைகளில் நல்லவர் வெளுப்பாகவோ நீலமாகவோ இருப்பார். கெட்டவர் கறுப்பு. தடித்த உதடு, பரந்த மூக்கு, சுருட்டை முடி, வெளியே நீட்டிய பல். பல்லை விட்டுவிட்டுப் பார்த்தால் மீதி எல்லாம் நம் வீட்டு முகங்கள். தாடகையின் படத்தைப் பார்த்துவிட்டு, வகுப்பில் எந்தப் பிள்ளைக்கு அந்தப் பட்டப்பெயர் வைப்பார்கள் என்பதை இதை வாசிக்கும் தங்கைகள் சிலர் சொல்லாமலே அறிவார்கள்.

இதே பெயரைத் தெலுங்கு எழுத்தாளர் கோகு சியாமளா வேறு விதமாகக் கையாண்டார். ஹைதராபாத்தில் இயங்கும் அன்வேஷி என்ற பெண்கள் ஆய்வு மையம், தலித், முஸ்லிம், உழைக்கும் வீட்டுப் பிள்ளைகளின் வாழ்க்கையிலிருந்து எடுத்த கதைகளைப் படங்களோடு ஒரு வரிசையாகக் கொண்டுவந்தது. 2008 வாக்கில் தெலுங்கு, மலையாளம், ஆங்கிலம் ஆகிய மூன்று மொழிகளில் அவை வந்தன. அதில் சியாமளாவின் கதையில் வரும் சிறுமிக்கு, தாடகை என்பதன் தெலுங்கு வடிவமான ‘தாடகி’ என்று பெயர். வயலில் வேலை செய்கிற பெண். ஆதிக்கம் செய்ய வருகிறவரை எதிர்த்து ஜெயிக்கிறாள். அரக்கியின் பெயரை வைத்து நாயகியை வரைந்த அந்தத் துணிச்சல் நமக்கும் வேண்டும். அந்த வரிசையில் தமிழ் இல்லை என்பது நமக்கு ஒரு குறைதான்.

புராணம் பழையது, போகட்டும் என்பவர்கள் ‘நமக்கு உதவுவோர்’ அட்டையைப் பார்க்கலாம். மருத்துவர், காவலர், ஆசிரியர், தபால்காரர், உழவர், துப்புரவுப் பணியாளர். எல்லோரையும் ஒரே தாளில் போட்டது நல்ல எண்ணம்தான். ஆனால் கட்டம் கட்டமாகப் பாருங்கள். மருத்துவர் நிமிர்ந்து நம்மைப் பார்த்துச் சிரிப்பார். துப்புரவுப் பணியாளர் குனிந்திருப்பார், முகம் பாதி தெரியும். தோலின் நிறமும் கட்டத்துக்குக் கட்டம் மாறிக்கொண்டே வரும். அப்பாவோ அம்மாவோ பேரூராட்சியில் துப்புரவு வேலை செய்யும் ஒரு பிள்ளை, அந்த அட்டைக்கு முன்னால் உட்கார்ந்து ‘பெரியவனானால் நீ யார்?’ என்ற கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் ஊர்ப் பிள்ளையும் அதே அட்டையைப் பார்க்கிறது. தன் வீட்டுக்கு வெளியே குனிந்து நிற்பவர்கள் குனிந்தே இருப்பவர்கள் என்று அதுவும் படிக்கிறது. இந்த இரண்டாவது பாடம்தான் நமக்கு அதிகக் கவலை தருகிறது.

இந்த நாட்டில் ஒரு புத்தகப் படத்துக்காக நாடாளுமன்றமே கொதித்தது உண்டு. பதினொன்றாம் வகுப்பு என்.சி.இ.ஆர்.டி. அரசியல் பாடநூலில், 1949-இல் சங்கர் வரைந்த கேலிச்சித்திரம் இருந்தது (அம்புலிமாமா சங்கர் வேறு, இவர் டெல்லிக் கேலிச்சித்திரக்காரர்). அரசமைப்புச் சட்டம் என்ற நத்தையின் மேல் அம்பேத்கர் உட்கார்ந்திருக்க, பின்னால் நேரு சாட்டையோடு நிற்பார். 2012 மே மாதம் தொல்.திருமாவளவன் மக்களவையில் அந்தப் பிரச்சினையை எழுப்பினார். அரசு படத்தைத் திரும்பப் பெற்றது. கருத்துச் சுதந்திரம் என்று ஒரு தரப்பு, அவமதிப்பு என்று ஒரு தரப்பு, நெடுநாள் விவாதம் நடந்தது. அந்த விவாதத்துக்குள் இப்போது போக வேண்டாம். பதினாறு வயது மாணவர் பார்க்கும் ஒரு படத்தின் மீது நமக்கு இருந்த விழிப்பு, ஆறு வயதுப் பிள்ளை நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்கும் சுவர் அட்டையின் மீது வரவில்லை என்பதை மட்டும் சொல்கிறோம்.

நம்மைப் போலவே ஒதுக்கப்பட்ட மக்கள் இதை வேறு நாட்டில் எப்படிப் பேசினார்கள் என்று பார்ப்பதில் பயன் உண்டு. அமெரிக்காவில் நான்சி லாரிக் என்பவர், 1962 முதல் 1964 வரை வெளிவந்த 5,000-க்கும் மேற்பட்ட சிறுவர் நூல்களைக் கணக்கெடுத்தார். எழுத்திலோ படத்திலோ ஒரு கறுப்பராவது இருந்தது 6.7 சதவீத நூல்களில்தான். 1965-இல் இதை அவர் வெளியிட்டபோது, கறுப்பர் அல்லாத பிள்ளைகளுக்கும் இது கேடு என்ற வாதத்தையும் சேர்த்தே வைத்தார். பேச்சு புள்ளிவிவரத்தோடு தொடங்கியதால், பதிப்பாளர்களால் ‘அப்படியெல்லாம் இல்லை’ என்று சொல்ல முடியவில்லை.

அதே 1962-இல் எஸ்ரா ஜாக் கீட்ஸ் என்ற ஓவியர் ஒரு சின்னப் புத்தகம் போட்டார். பனி பெய்த காலையில் சிவப்பு உடுப்பு போட்ட ஒரு கறுப்புச் சிறுவன் வெளியே போகிறான், பனியில் கால் தடம் பதிக்கிறான், ஒரு பனி உருண்டையைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வருகிறான், அது கரைந்துபோகிறது. அவ்வளவுதான் கதை. கீட்ஸ் கறுப்பர் அல்லர், யூதர். மற்றவர்களின் கதைகளுக்குப் பல ஆண்டுகள் படம் வரைந்தும், கறுப்புப் பிள்ளை நாயகனாக வரும் ஒரு கதைகூடத் தம் கைக்கு வராததைக் கவனித்தவர். 1940-இல் ஒரு பத்திரிகையிலிருந்து கத்தரித்து வைத்திருந்த ஒரு சிறுவனின் புகைப்படங்களை இருபது ஆண்டுகளுக்கு மேல் பாதுகாத்து, அந்த முகத்தைப் புத்தகத்துக்குள் கொண்டுவந்தார். மறு ஆண்டே அந்நாட்டின் பெரிய சிறுவர் நூல் விருதான கால்டிகாட் அதற்குக் கிடைத்தது. அந்தச் சிறுவன் புத்தகம் முழுக்க ஒரு முறைகூட அடி வாங்கவில்லை, அழவில்லை. விளையாடுகிறான்.

நம் பிள்ளைகளுக்கும் இப்படிப் படம் வேண்டும் என்று கேட்பது எளிது. வரைவதுதான் கஷ்டம். அங்கே நிறம் இருக்கிறது. ஒரு முகத்தைப் பழுப்பாகத் தீட்டினால் யார் என்று தெரிந்துவிடும். இங்கே சாதியை முகத்தில் வரைய முடியாது. நம்மில் வெளுத்தவர்களும் உண்டு, அவர்களில் கறுத்தவர்களும் உண்டு. கறுப்பாகவும் கிழிந்த சட்டையோடும் ஒரு பிள்ளையைப் போட்டு ‘இதோ தலித் சிறுவன்’ என்றால், அது பழைய அரக்கன் படத்தையே பல்லை எடுத்துவிட்டு மறுபடி போடுவதாகும்.

இங்கே சாதி இடத்தில் இருக்கிறது. யார் வீடு எங்கே இருக்கிறது, யார் திண்ணையில், யார் தரையில், யார் சைக்கிளை விட்டு இறங்கித் தள்ளிக்கொண்டு போகிறார், தண்ணீரை யார் மொண்டு யார் கையில் ஊற்றுகிறார் என்பதில் இருக்கிறது. பொருளிலும் இருக்கிறது. தென் மாவட்டங்களில் பள்ளிப் பிள்ளைகளின் மணிக்கட்டில் எந்த நிறக் கயிறு எந்தச் சாதி என்று மற்றப் பிள்ளைகள் தூரத்திலிருந்தே வாசித்துவிடுகிறார்கள். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் நடந்த கொடூரத்துக்குப் பிறகு நீதிபதி கே.சந்துரு தலைமையில் அமைக்கப்பட்ட குழு, கயிறுகளைத் தடுப்பது உட்படப் பல பரிந்துரைகளை 2024 ஜூனில் அரசிடம் கொடுத்தது. படம் பார்த்துச் சாதி படிக்கும் திறமை நம் பிள்ளைகளுக்கு இல்லாமலில்லை, நிரம்பவே இருக்கிறது. புத்தகப் படங்கள் மட்டும்தான் அப்படி ஒன்று இல்லாததுபோல நடித்துக்கொண்டிருக்கின்றன.

வரைய முடியாது என்று நினைத்ததை வரைந்து காட்டிய புத்தகம் ‘பீமாயணம்’. 2011-இல் வந்தது. மத்தியப் பிரதேசத்தின் பர்தான் கோண்ட் பழங்குடி ஓவியர்களான துர்காபாய் வியாம், சுபாஷ் வியாம் இருவரும் வரைய, ஸ்ரீவித்யா நடராஜனும் எஸ்.ஆனந்தும் எழுதியது. தமிழிலும் வந்திருக்கிறது. உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகள் தாராளமாக வாசிக்கலாம்.

அதில் பாபாசாகேப்பின் சிறுவயது நிகழ்ச்சி ஒன்று வருகிறது. 1901. அப்பாவைப் பார்ப்பதற்காகச் சத்தாராவிலிருந்து கோரேகாவுக்குப் புறப்பட்ட பிள்ளைகள் மசூர் ரயில் நிலையத்தில் இறங்குகிறார்கள். மகார் பிள்ளைகள் என்று தெரிந்ததும் ஒரு வண்டிக்காரரும் ஏற்ற மறுக்கிறார். இரட்டைக் கூலி கொடுத்து, வண்டியையும் பிள்ளைகளே ஓட்டிப் போகிறார்கள். வழியில் குடிக்கத் தண்ணீர் கிடைக்கவில்லை. நல்ல சட்டை போட்ட, கையில் காசு உள்ள, படித்த வீட்டுப் பிள்ளைகள். அவர்கள் முகத்தில் சாதி இல்லை. பின் எப்படி வரைவது? வியாம் தம்பதி பேச்சைத் தாங்கும் குமிழிகளை மாற்றினார்கள். அன்பாகப் பேசுகிறவரின் குமிழி பறவை வடிவில் இருக்கும். சாதி பார்க்கிறவரின் குமிழிக்குத் தேள் கொடுக்கு இருக்கும். எழுத்து கூட்டத் தெரியாத பிள்ளையும் அந்தப் பக்கத்தைப் பார்த்து, யார் பேச்சு கொட்டுகிறது என்று சொல்லிவிடும். கொட்டுகிறவரின் முகத்தை அரக்கனாக்கவும் தேவைப்படவில்லை.

இன்னொன்றும் செய்தார்கள். படக்கதை என்றால் பக்கத்தைக் கட்டம் கட்டமாகப் பிரிப்பது வழக்கம். ஆட்களைப் பெட்டிக்குள் அடைக்க அவர்களுக்கு மனமில்லை. ஆகவே அந்தப் புத்தகத்தில் கட்டங்களே கிடையாது. தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்கு இது மிகவும் புரியும். நாம் ஊருக்கு ஊர் அம்பேத்கரைக் கம்பிக் கூண்டுக்குள் பார்த்து வளர்ந்தவர்கள். சிலையை உடைப்பார்கள் என்று பயந்து, உடைக்கிறவரை விட்டுவிட்டுச் சிலைக்குக் கூண்டு போடும் ஊர்கள் இவை. நம் பிள்ளையின் மனத்தில் முதலில் பதியும் அம்பேத்கர் படம், கம்பி வழியாகத் தெரியும் நீலக் கோட்டு. தண்ணீர் கேட்டு அலைந்த பத்து வயதுப் பையன் பீமைத் தன் வயதுக்காரனாக ஒரு பிள்ளை சந்திக்க வேண்டுமானால், அது புத்தகத்தில்தான் முடியும்.

துர்காபாய் அதற்கு முன்பே, 2007-இல், காஞ்சா அய்லய்யா பிள்ளைகளுக்காக உழைப்பின் மதிப்பைப் பற்றி எழுதிய நூலுக்கும் படம் வரைந்திருந்தார். தோல் பதனிடுகிறவர், குயவர், சலவை செய்கிறவர், முடி திருத்துகிறவர் எல்லோரையும் அறிவும் கைத்திறனும் உள்ளவர்களாகச் சொல்லும் நூல் அது. ‘உதவுவோர்’ அட்டைக்கும் இதற்கும் இடையே எவ்வளவு தூரம்!

இந்த இடத்தில் நம் தெருவிலிருந்தே ஒரு குரல் எழும். ‘எங்க தெருவைப் புத்தகத்துல போடாதீங்க. எம் புள்ளய வகுப்புல கேலி பண்ணுவாங்க’ என்று சொல்லும் தாய்மார்களை நாம் சந்தித்திருக்கிறோம். அந்தப் பயம் நியாயமானது. ஊர்ப் பிள்ளைகளும் நம் பிள்ளைகளும் சேர்ந்து உட்காரும் வகுப்பில் ஆசிரியர் அட்டையைச் சுட்டிக்காட்டி ‘இதுதான் சேரி’ என்றால், நாற்பது தலைகள் எந்தப் பக்கம் திரும்பும் என்று அந்தத் தாய்க்குத் தெரியும். அவரே அந்த வகுப்பில் ஒரு காலத்தில் உட்கார்ந்தவர்தான்.

ஆனால் கேலிக்குக் காரணம் தெருவைப் போட்டதா, போட்ட விதமா? ஒழுகும் குடிசை, மூக்கு ஒழுகும் குழந்தை, குடித்துவிட்டுக் கிடக்கும் ஆள் என்று போட்டால் எந்தப் பிள்ளையும் தலை குனியத்தான் செய்யும். நம் தெருவில் வேறு என்னவெல்லாம் இருக்கிறது? தொகுப்பு வீட்டு வாசலில் நர்சிங் படிக்கும் அக்கா பஸ்ஸுக்கு நிற்கிறார். திடலில் கபடி நடக்கிறது. இரவுப் பாடசாலை நடக்கிறது, அதற்கு முன்னால் செருப்புகள் குவிந்து கிடக்கின்றன. பறையை நெருப்பில் காய்ச்சிப் பதம் பார்க்கிறார் தாத்தா. ஞாயிற்றுக்கிழமை வீட்டில் கறி வேகிறது, அது என்ன கறி என்று யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. ஆட்டுக்குட்டியைத் தூக்கிக்கொண்டு ஒருத்தி ஓடுகிறாள். இதையெல்லாம் வரைந்தால், சாதியின் பெயரை எங்கேயும் எழுதாமலே நம் பிள்ளை ‘இது எங்க தெரு’ என்று விரல் வைக்கும். ஊர்ப் பிள்ளையும் பார்க்கும். அந்த ஆட்டுக்குட்டி அதற்கும் பிடித்துப்போகலாம்.

இதை வரையத் தெரிந்தவர்கள் நம்மிடம் இல்லாமல் இல்லை. கடைப் பலகை எழுதுகிறவர், கட்சிச் சுவர் எழுதுகிறவர், திருவிழாவுக்குத் துணியில் படம் தீட்டுகிறவர் என்று ஒவ்வொரு ஒன்றியத்திலும் நம் பையன்கள் இருக்கிறார்கள். ஃபிளெக்ஸ் வந்த பிறகு பலர் பெயிண்ட் அடிக்கும் கூலி வேலைக்குப் போய்விட்டார்கள். கவின் கலைக் கல்லூரியில் படித்துவிட்டு வேலை தேடும் தம்பிகளும் உண்டு. பாடநூல் தயாரிப்பிலும் சிறுவர் நூல் பதிப்பிலும் எழுத்தாளர் குழுவில் யார் இருக்கிறார்கள் என்று கேட்கிறோம். படம் வரைகிறவர் எந்தத் தெருவைப் பார்த்து வளர்ந்தவர் என்றும் கேட்க வேண்டும். எழுத்துக்கு நாலு பேர் சரிபார்க்கிறார்கள். படத்தைக் கடைசி நேரத்தில் யாரோ ஒருவரிடம் கொடுத்து வாங்கி ஒட்டிவிடுகிறார்கள்.

நூல்களே இல்லை என்ற காலமும் மாறி வருகிறது. 2023-இல் பள்ளிக் கல்வித் துறை தொடங்கிய வாசிப்பு இயக்கத்தின் சிறு நூல்கள் நுழை, நட, ஓடு, பற என்று நான்கு நிலைகளில் அரசுப் பள்ளிகளுக்கு வந்திருக்கின்றன. எளிய கதை, நிறையப் படம். அவற்றை எடுத்து நம் கண்ணால் பார்ப்பது நம் வேலை. பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர்தான் இருக்க வேண்டும் என்பது சட்டம். குழுக் கூட்டத்தில் கழிப்பறை, சுற்றுச்சுவர் பற்றிப் பேசுவதோடு, சுவரில் தொங்கும் அட்டையைக் காட்டி ‘இதுல எங்க தெரு எங்க இருக்குது, டீச்சர்?’ என்று கேட்கவும் இடம் உண்டு. எழுதப் படிக்கத் தெரியாத தாயும் கேட்கக்கூடிய கேள்வி அது. படம் பார்க்கக் கண் போதும்.

கல்லூரி மாணவத் தம்பி தங்கைகளுக்கு ஒரு வேலை சொல்கிறோம். நான்சி லாரிக் செய்ததைச் சிறிய அளவில் நீங்களும் செய்யலாம். உங்கள் ஊர்ப்புற நூலகத்தில் சிறுவர் பகுதிக்குப் போய், இருக்கும் படப் புத்தகங்களை எல்லாம் எடுத்து உட்காருங்கள். ஒரு நோட்டில் கோடு போட்டுக் குறியுங்கள். வீடு வரைந்த படங்கள் எத்தனை, அதில் மாடி வீடு, ஓட்டு வீடு, தொகுப்பு வீடு எத்தனை? வேலை செய்யும் மனிதர்களில் நிமிர்ந்திருப்பவர் எத்தனை, குனிந்திருப்பவர் எத்தனை? கெட்டவராக வருபவரின் நிறம் என்ன? ஓவியரின் பெயரை அட்டையில் போட்டிருக்கிறார்களா? இரண்டு சனிக்கிழமை போதும். பத்து ஊரிலிருந்து பத்து நோட்டு வந்தால், பாடநூல்களைத் திருத்துகிறவர்கள் முன்னால் வைப்பதற்கு நம் கையில் கணக்கு இருக்கும்.

பல ஊர்களில் பள்ளிச் சுவர்களுக்கு வண்ணம் அடித்து, ரயில் பெட்டிபோல வரைந்திருக்கிறார்கள். பிள்ளைகளுக்கு அது பிடிக்கிறது. அடுத்த முறை வண்ணம் அடிக்கும்போது ஒரு சுவரை மட்டும் நான்காம், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு விட்டுவிடும்படி தலைமை ஆசிரியரிடம் கேட்கலாம். நம் தெருவிலிருந்தும் ஊரிலிருந்தும் வரும் பிள்ளைகள் சேர்ந்து, வீட்டிலிருந்து பள்ளிக்கு வரும் வழியை அதில் வரையட்டும். கோபுரம் வரும், குளம் வரும், வாய்க்கால் வரும், வாய்க்கால் மேல் போட்ட பனந்தண்டு வரும், அதைத் தாண்டி நம் தெருவும் வரும். பெரியவர்கள் யாரும் அளவு சரி செய்ய வேண்டாம். சுவரின் அந்தக் கோடி வரைக்கும் பெயிண்ட் போதுமா என்று மட்டும் பார்த்துக்கொண்டால் சரி.